ஏழாம் கேள்வி

கிளைபேடா துறைமுகத்தைப் பார்த்த
நான்காம் மாடி.
அழைப்புமணியை அழுத்தினால்
உள்ளே விளக்குதான் மினுங்கும்.
மிக்லே கதவைத் திறந்தாள்,
தோளில் பதினோரு வாரத்து யோரே.

எடை பார்த்தேன். தலைச் சுற்றளவு பார்த்தேன்.
பிறகு படிவத்தின் ஏழாம் கேள்வி:
‘தாய் குழந்தையோடு பேசுகிறாரா?’
ஆம். இல்லை. இரண்டே கட்டம்.

பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மடியில் மல்லாத்தினாள் பிள்ளையை.
புருவம் உயர்த்தினாள்.
உள்ளங்காலில் இரண்டு விரலால்
தட்டு, தட்டு,
ஒரு நீளத் தடவல்.
நிறுத்தினாள்.

அந்த நிறுத்தத்தை எப்படிச் சொல்ல?
பந்தை எறிந்தவள்
கையை விரித்தே வைத்திருப்பதுபோல.
யோரே யோசித்தாள்.
வாய் குவிந்தது, கால் உதைத்தது,
கடைசியில் ஒரு முஷ்டி
மெல்ல, மிக மெல்ல, அவிழ்ந்தது.
ஓகோ, அப்படியா, என்றது மிக்லேயின் முகம்.
மறுபடி தட்டு, தட்டு.

எல்லாம் கூடிவந்ததென்று சொல்ல மாட்டேன்.
ஒருமுறை இவள் முந்திக்கொண்டாள்;
பிள்ளை முகம் திருப்பித்
திரைச்சீலையின் கோடுகளை எண்ணப் போய்விட்டது.
மிக்லே துரத்தவில்லை.
கைகளை மடியோரம் இறக்கி,
ஆறிப்போகும் காபியைக்கூடத் தொடாமல்
இருந்தாள்.
அதுவாகவே திரும்பி வந்தது,
எச்சில் வழிய.

அப்போதுதான் காயலைக் கடக்கும் படகு ஊதியது.
யோரே வெடுக்கென்று அதிர்ந்தாள்.
நான் சன்னலைப் பார்த்தேன்.
மிக்லே என்னைப் பார்க்கவில்லை;
மகளின் கண் போன திசையைப் பார்த்தாள்.
தனக்கு எட்டாத எதுவோ
மகளுக்கு எட்டியிருக்கிறது.

ஒரு நொடி அந்த முகத்தில் எதுவுமே இல்லை.

பிள்ளையை இடுப்பில் இடுக்கி எழுந்துபோய்
சன்னல் கண்ணாடியில் உள்ளங்கை வைத்தாள்.
பனி ஒட்டிய கண்ணாடி
இரண்டாம் ஊதலுக்கு நடுங்கியது.
அந்தக் கையை எடுத்து
நடுக்கம் ஆறுமுன்
மகளின் முதுகில் வைத்தாள்,
அதே அதிர்வாய் விரல்களை ஓட்டினாள்.
பிறகு கையைக் குவித்து
இல்லாத அலைமேல் ஏற்றி இறக்கினாள்:
படகு.

யோரே அந்தக் கையையே பார்த்தாள்.
தன் கையைத் தூக்கினாள்.
அது எங்கெங்கோ தள்ளாடிப் போய்
அம்மாவின் மூக்கில் இடித்தது.
கரை சேர்ந்ததென்றே வைத்துக்கொள்ளலாம்.

கட்டங்களை விட்டுவிட்டு
ஓரத்தில் எழுதினேன். இடம் போதவில்லை.
அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்.

மூன்றாம் மாடியில் அடுத்த வீடு.
மணியை அழுத்திவிட்டு
வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக்
காத்திருந்தேன்.