கழுத்தில் நான்கு அரிசி

தே. அஞ்சலாட்சி, 34, பெண்.
வைட்டமின் டி: பதினொன்று.
இருக்க வேண்டியது முப்பது என்று
பக்கத்திலேயே அடித்திருந்தார்கள்.

சிரித்துவிட்டேன்.
காட்பாடிப் பாலத்தில் தார் உருகிச்
செருப்பைப் பிடித்து இழுக்கும் மே மாதம்.
எதைக் கேட்டாலும் இல்லையென்னும் ஊரில்
கேட்காமலே கிடைப்பது இது ஒன்றுதான்.
வெயிலா மேடம் எனக்குக் குறைச்சல்?

டாக்டர் ஹெப்சிபா சிரிக்கவில்லை.
எத்தனை மணிக்கு வேன்?
ஐந்தே முக்கால்.
திரும்புவது?
ஏழு. ஓவர்டைம் என்றால் ஒன்பது.
நடுவில்?
நடுவில் ராணிப்பேட்டை, ஷூ கம்பெனி, தையல் லைன்,
தகரக் கூரை, டியூப்லைட், மணிக்கட்டு வரை கோட்டு.
ஞாயிற்றுக்கிழமை?
தூங்குவேன். ஞாயிறு பெயரில் மட்டும்.

நான் போனது முழங்கால் வலிக்கு.
கூச்சப்பட்டுக்கொண்டே பசியையும் சொன்னேன்:
வயிறு நிறையத் தின்று படுத்தாலும்
நடு ராத்திரியில் எழுந்து பன் தேடும் ஒரு வாய்.
மெல்லும்போதே தெரியும்
அது கேட்டது இதையல்ல என்று.
எடை எழுபத்தெட்டு.

சீட்டின் பின்பக்கம் ஒரு கழுத்து வரைந்தார்.
அதில் அரிசி மாதிரி நான்கு புள்ளி.
இவைதான் கணக்குப்பிள்ளைகள்.
இரத்தத்தில் கால்சியம் ஒரு பொட்டு குறைந்தாலும்
எலும்பு வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடும்.
வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சோற்றிலிருந்து எடுக்கணும்;
வெயிலின் கையெழுத்து இல்லாமல்
குடல் சரியாகக் கதவு திறக்காது.

பசி?
பேனாவை மூடினார்.
சிலர் ஆம் என்று எழுதுகிறார்கள், சிலர் இல்லை என்று.
எனக்குத் தெரியாது, அஞ்சலாட்சி.

தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர்.
அதனாலேயே நம்பினேன்.

ஒன்று மட்டும் குடத்தைப் பார்த்துப் புரிந்தது.
எங்கள் தெரு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது,
வெள்ளைத் திரி திரியாக விட்டுப்போகும்.
குடத்தின் உட்புறம் சுண்ணாம்படித்த சுவர்.
சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் குடலுக்குள்ளும் அப்படித்தானாம்,
எண்ணெயைப் பிடித்துத் திரியாக்கி வெளியே தள்ளுமாம்.
கொஞ்சம்தான், ரொம்ப ஆசைப்படாதே என்றார்.
நாங்களோ தோல் ஷாப்புக் கழிவுக்குப் பயந்து
இருபது லிட்டர் கேன் வாங்குகிறோம்,
ஒன்றுமே இல்லாமல் சலித்த தண்ணீர்.
குடத்துக்குக் கிடைத்தது எனக்கில்லை.

வாரம் ஒரு பொட்டலம், பாலில்.
காலையில் கேவுரு கூழ், மோர் விட்டு.
நெத்திலிக் கருவாடு முள்ளோடு.
ஷம்ஷாத் எள் துவையல் எடுத்துவந்தாள், நான் கேட்கவில்லை.
அவள் சீட்டில் ஒன்பது.
சாப்பிட்டதும் இருவரும்
ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் போய்க்
கோட்டு கழற்றி, கைகளை நீட்டி நின்றோம்.
என்னம்மா பண்றீங்க அங்க?
சூப்பர்வைசர் இளவழகன்.
கையெழுத்து வாங்குறோம் சார்.
மறுநாள் அவரும் வந்து நின்றார்,
முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல்.

எட்டு வாரம் ஆயிற்று.
எடை எழுபத்தேழரை.
மெஷின் பழுது என்றும் சொல்லலாம்.
படியிறங்கும்போது முழங்கால் இன்னும் பேசுகிறது,
குரல் மட்டும் தணிந்திருக்கிறது.

நேற்று விடியற்காலை டீத்தூளுக்கு அலமாரியைத் திறந்தேன்.
செவ்வாய்க்கிழமை வாங்கிய பன்,
கவரைக்கூடப் பிரிக்கவில்லை.
மூலையில் ஒரு துளை.
எறும்புகள் எனக்கு முந்திக்கொண்டிருந்தன.