நாற்பத்தேழாம் எண்

வெள்ளி, சனி இரவுகளில் மட்டும்
நாற்பத்தேழு பேசுவதில்லை.
திரையில் அந்தப் புள்ளி சாம்பலாகும்போதெல்லாம்
"அதுவும் லீவு போடுது" என்பான் அஸ்ருல்.

ஜாலான் பேராக் ஓரம், இரும்பு மூடிக்குக் கீழே
ஆளுயரப் பள்ளம்.
கணுக்கால் மழைநீர், ஒரு கரப்பான்,
குழாயில் காதை ஒட்டியபடி ஒரு கருவி.
பின்னிரவு இரண்டுக்கு, பினாங்கு குளித்துத் தூங்கியபின்,
எங்கேயாவது சீறுகிறதா என்று கேட்டு
மேலே சொல்ல வேண்டும்.
அவ்வளவுதான் உத்தியோகம்.

சொல்வதென்னவோ ஆண்டெனாதான்.
என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம்.
இரும்பு அதன் வாயைப் பொத்தும்,
ஈரம் பட்டால் சுருதி இறங்கும்.
தண்ணீரின் சேதி சொல்ல வந்ததற்குத்
தண்ணீரே ஆகாது.
பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டு
நான் மட்டும் சிரித்தேன்.

முதல் வாரம் பேட்டரி மாற்றினேன்.
அடுத்த வாரம் மூடியைத் துளைத்து
ஆண்டெனாவைச் சாலைமட்டத்துக்கு ஏற்றிப்
பிசின் ஊற்றினோம்.
ஞாயிறு பேசியது. திங்கள் பேசியது.
வெள்ளி, மறுபடி ஊமை.

சனி இரவு ஒன்றே முக்காலுக்கு
மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன்:
மூடிக்கு நேர் மேலே
லோக் லோக் லாரி.
தகரம், கொதிக்கும் சட்டி, ஆவி, முப்பது பேர்,
நுனியில் சாயம் பூசிய குச்சிகள்.
சிவப்பு ஒரு வெள்ளி, நீலம் ஒன்றரை.

"அங்கிள், லாரியை நாலடி முன்னால..."
என் மலாய் பாதியில் நின்றது.
ஆ செங் என் சட்டை முத்திரையைப் படித்தார்.
"தண்ணிய நிறுத்தப் போறியா?"
"இல்ல, காது கொடுக்கப் போறேன்."
அதற்குமேல் அவர் விசாரிக்கவில்லை.
ஜனம் தட்டோடு விலக
லாரி நாலடி உருண்டது.

கைப்பேசி அதிர்ந்தது. அஸ்ருல்.
"லோகா, உன் நாற்பத்தேழு எழுந்துடுச்சு.
என்னமோ சீறுது."

சீறுவது சட்டியாகவும் இருக்கலாம்.
அடுப்பை அணைக்கச் சொல்ல வாய் வரவில்லை.
ஒரு நீலக்குச்சி வாங்கினேன், மீன் உருண்டை,
நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தேன்.
இன்னொரு நீலம்.
மூன்றேகாலுக்கு ஆ செங் கேஸை மூடி,
குச்சிகளை எண்ணி,
எனக்கு ஐம்பது காசு தள்ளுபடி தந்து கிளம்பினார்.

சாலையில் சத்தமே இல்லை.
அஸ்ருலை அழைத்தேன்.

"இன்னும் சீறுது" என்றான்.

நீலச் சாயப் புட்டியை எடுத்துக் குலுக்கியபடி
ஈரமே இல்லாத தாரின் மேல்
எங்கே பெருக்கல் குறி போடுவதென்று
நடக்கத் தொடங்கினேன்.