சேஸ் எண்

ஜே.சி. ரோட்டில் ஒரு ஸ்டீயரிங் பாக்ஸ்.
சிவாஜிநகர் குஜிரியில்
ராணுவ ஏலத்தில் வந்த இரண்டு ஆக்ஸில்.
கியர்பாக்ஸ் மட்டும் பெல்காமிலிருந்து
பஸ் டிக்கியில், சாக்குக்குள் வந்தது.
"உள்ளே என்ன, பிணமா?" என்றார் கண்டக்டர்.
பாதி உண்மை என்றேன்.

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குப் பின்னால்
பத்துக்கு இருபது தகரக் கொட்டகை.
வாடகைக்கு விட்ட செசிலியாம்மா
பழைய பேப்பர் கடை என்றே
இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.
தப்ரேஸ் வெல்டிங். நான் கிரைண்டர்.

ஆக்ஸிலுக்கு அடியில் கிடந்த பட்டைகளைத்
தூக்கி அதன் தலைமேல் வைத்தோம்.
ஒரே ராத்திரியில் ஐந்து அங்குலம் வளர்ந்து
பேன்ட் பத்தாத பையன்போல் நின்றது வண்டி.
பிரேக் குழாய் எட்டவில்லை,
ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எட்டவில்லை,
என் சம்பளமும்.

டிஃபரன்ஷியலின் நியாயம் தெரியுமா உங்களுக்கு?
சேற்றில் ஒரு சக்கரம் வெறுமனே சுற்றினால்
இருக்கிற வேகமெல்லாம் அதற்கே போகும்.
பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கிற சக்கரத்துக்கு
ஒன்றும் கிடைக்காது.
நான் வேலை பார்க்கும் ஆபீஸும்
அதே டிசைன்தான்.
அங்கே என்னால் ஆனது ஒன்றுமில்லை.
இங்கே ஒரு லாக்கர் போட்டேன்,
தீபாவளி போனஸ் முழுதும்.

ஆர்.சி. புத்தகம் சொல்கிறது:
நிறம் சாம்பல், இருக்கை ஆறு.
நிறம் இப்போது ப்ரைமர் சிவப்பு.
இருக்கை இரண்டு, அதில் ஒன்று
யாருடைய மாருதியிலிருந்தோ.
கதவில்லை, கூரையில்லை,
மூச்சுக்குழாய் மட்டும்
நீந்தப் போகிறவன்போல் தலைக்கு மேலே.
புத்தகத்தோடு ஒத்துப்போக மிச்சமிருப்பது
சேஸில் குத்திய பதினோரு எழுத்து.
அதைச் சுற்றி ஒரு சாண் இரும்பைத்
தப்ரேஸ் தொட்டதே இல்லை.
பொறி தெறிக்கும் நாளில்
ஈரச்சாக்கு போட்டு மூடுவான்,
தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல
என்று எழுத ஆசைதான்.
அவன் பயந்தது ஆர்.டி.ஓ.வுக்கு.

ரோட்டில் ஓட்ட முடியாது.
ஹெண்ணூர் சிக்னல் தாண்டுவதற்குள்
பிடித்துவிடுவார்கள்.
ஆகவே மலையேறச் செய்த வண்டி
மலை வரைக்கும் லாரியில் போகும்,
நாலு கயிறு கட்டி, மாப்பிள்ளை மாதிரி.

ஞாயிறு விடியுமுன் கனகபுரா தாண்டி
மண்பாதையில் திரும்பினோம்.
முந்தின நாள் மழை யாரும் சொல்லவில்லை.
ராகிக் கொல்லை ஓரத்தில்
லாரியின் பின்சக்கரம்
முட்டி வரைக்கும் உட்கார்ந்துவிட்டது.
முனிவெங்கடப்பா ஸ்டீயரிங்கில் நெற்றி வைத்து
என்னைத் திட்டவில்லை, என் வண்டியைத் திட்டினார்.

பலகை போட்டு இறக்கினோம்.
டயரில் காற்றைப் பன்னிரண்டுக்கு விட்டேன்.
புளியமரத்துக்குப் பட்டை கட்டி
வண்டியின் வாலை அதோடு பிணைத்து,
வின்ச் கயிற்றின்மேல்
தப்ரேஸ் தன் ஜெர்கினைப் போட்டான்:
அறுந்தால் அது ஆளைத் தேடி வரும்.
கயிறு பாடியது.
நாலு சக்கரமும் ஒன்றாய்ப் பல்லைக் கடித்தன.
பதினைந்து நிமிடத்தில்
தன்னைச் சுமந்து வந்தவனைத்
தூக்கி மேட்டில் வைத்தது.

அப்புறம்தான் டிரெயில்.
முதல் பாறை.
ஒரு காலைத் தூக்கிக்கொண்டு
கம்பத்தருகே நாய்போல் நின்றது,
ஒரு நிமிடம்தான், அவ்வளவு அழகு.
பிறகு "டக்".
முன் ஷாஃப்ட் ஜாயின்ட் இரண்டு துண்டு.
எட்டு மாதம், நாற்பதடி.

திரும்பும்போது டோல் அருகே போலீஸ்.
டார்ச் அடித்து லாரிமேல் ஏறினார்.
புத்தகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்,
மறுபடி புத்தகத்தை.
கட்டைவிரலால் சேறு வழித்து
ஒவ்வோர் எழுத்தாய் வாய்விட்டுப் படித்தார்.
பதினொன்றும் முடிந்ததும்,
அதே வண்டிதான் என்றார் கன்னடத்தில். "ஹோகி."

தப்ரேஸ் வாய்திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
எழுப்பவில்லை.
உடைந்த ஜாயின்ட் மடியில் இன்னும் சூடாக இருந்தது.
செவ்வாய்க்கிழமை ஜே.சி. ரோடு.