வைக்கோலுக்கு அடியில்

அடுக்களை வாசலில் குறுக்கே துடைப்பக் கட்டை.
ஒரு முனை அரிசி டின் மேல்,
மறுமுனை செண்பகா கையில்.
"வண்டி நிக்கட்டும்" என்கிறாள்.
நிற்கிறேன். கையில் காப்பி ஆறுகிறது.

புளியரையில் எங்கள் வீட்டுக்கு
முன்னூறு அடி தள்ளி நிஜச் சாவடி.
கோழி வண்டி, பால் வண்டி, எம்-சாண்ட் வண்டி,
பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு அசையும் வைக்கோல் லாரி.
அதில் ஒன்றை ஓட்டுகிறவர் இவள் அப்பா.

ஒன்பது வயதில் இவளுக்கு
நம்பர் பலகையைப் பார்த்தால் ஊர் தெரியும்.
இருபத்தஞ்சு புனலூர், இருபத்துநாலு கொட்டாரக்கரை.
வண்டி வளைவு திரும்புமுன்
மிச்ச நாலு இலக்கத்தையும்
பகா எண்களாக உடைத்துப் போட்டுவிடுவாள்.
சட்டைப் பித்தான் போட வராது.
'அ' எழுதச் சொன்னால்
முதலில் முனை உடையும்,
அப்புறம் பென்சில்,
அப்புறம் அந்த நாள்.

செங்கோட்டைப் பள்ளியில் மூன்று வருஷம்
காலையில் திமிர் என்றார்கள்,
மத்தியானம் மந்தம் என்றார்கள்.
திருநெல்வேலி டாக்டரம்மா காட்டிய தாளில்
ஒரு கோடு உச்சிக்குப் போனது,
அதே பிள்ளையின் இன்னொரு கோடு பாதாளத்துக்கு.
மடித்து, டி.சி.யோடு சேர்த்து
அரிசி டின்னுக்குள் வைத்தேன்.

ஜூனிலிருந்து நான் டீச்சர்.
ஜூலையில் அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.
கட்டிலுக்கு அடியில் படுத்து
டயர் சத்தம் எண்ணிக்கொண்டிருந்தாள்.
கட்டிலுக்கு மேலே உட்கார்ந்து நான்
நோட்டில் தேதி மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், அலுப்பில்,
வாயால் ஹாரன் அடித்தேன்.
அடியிலிருந்து வந்தது,
பதினோரு நாளைக்குப் பிறகு ஒரு குரல்:
"லோடு என்ன?"
"வைக்கோல்."
"எத்தன கட்டு?"
"எரநூத்தி நாப்பது."
"அடியில?"

அடியில் ஒன்றுமில்லை என்றேன். பொய்.
அடியில் வைத்திருந்தேன்:
சீட்டு நீயே எழுதிக் குடேன் கண்ணு,
வண்டி நம்பர் மட்டும், கோட்டுக்குள்ள.
மோப்பம் பிடித்துவிட்டாள்.
"கடத்தல்."
வண்டி பறிமுதல்.

மறுநாள் வெங்காய மூட்டைக்கு நடுவே
இரண்டே இரண்டு எழுத்து.
அதற்கு மறுநாள் மீன் பெட்டியில்
ஐஸுக்குக் கீழே மூன்று வரி.
எல்லாம் பிடிபட்டது.
"நெசமான லாரி எழுதச் சொல்லாதும்மா"
என்றாள், அழாமல்,
சட்டம் வாசிக்கிறவள் மாதிரி.

ராத்திரி அவள் அப்பாவிடம் போனில் சொன்னேன்.
ஆரியங்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.
"சரக்கே இல்லாம ஒருதடவ போயித்தான் பாரேன்."
கொஞ்சம் பொறுத்து,
"டீசல் நட்டம்தான்" என்று சிரித்தார்.

இன்றைக்கு
காப்பியை டின் மேல் வைத்துவிட்டு
முட்டி போட்டு வருகிறேன்.
"லோடு?"
"காலி வண்டி."
நம்பவில்லை. சுற்றி வருகிறாள்.
முந்தானையை உதறிப் பார்க்கிறாள்.
முதுகைத் தட்டுகிறாள், பிறகு
காதை வைத்துக் கேட்கிறாள்,
யார் தொட்டாலும் தோல் எரியுது என்கிற பிள்ளை.
அவள் கன்னம் என் முதுகெலும்பில்
எட்டு நொடி. எண்ணினேன்.

"ஆமா. காலி."
ஏமாற்றமா, என்னவோ, குரலில் தெரியவில்லை.
"காலியாப் போனா வாடகை கெடயாதுல்ல?"
"கெடயாது."

துடைப்பம் விழுகிறது. காப்பி விழுகிறது.
இருபத்திரண்டு கிலோ என் முதுகில் ஏறி
இரண்டு காதையும் பிடித்துக்கொள்கிறது.
"புனலூர் போணும். வளைவுல ஹாரன் அடி."

அடுக்களையிலிருந்து படுக்கையறைக்குப்
பதினாலு வளைவு இருக்கிறதாம்.
எல்லாவற்றிலும் அடித்தேன்.
நோட்டில் இன்று
தேதிகூட இல்லை.