ஆசிரியர் குறிப்பு வரைக (5)

அட்டை இல்லாமல்தான் அது என்னிடம் வந்தது.
பழைய பஸ் ஸ்டாண்டு நடைபாதை, எட்டு ரூபாய்.
முதல் ஆறு பக்கத்தில் யாரோ போண்டா மடித்திருக்க வேண்டும்.
ஏழாம் பக்கம் திறந்தபோதே
ஒரு பையன் ஆற்றின் நடுவில் இருந்தான்.

எழுதியவர் பேர் போண்டாவோடு போயிற்று.
அமெரிக்காக்காரர் என்றார் தங்காயி டீச்சர்,
மீதியை நோட்ஸில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.
நோட்ஸ் முப்பது ரூபாய்.

"இந்தக் கதைல பொம்பளப் புள்ளைங்க எங்கடி?"
என்றாள் மாதம்மாள்.
ஜன்னலில் நிற்கிறார்கள் என்றேன்.
"நிக்கட்டும். நாம போலாம்."

சேலத்தில் ஆறு என்றால் திருமணிமுத்தாறு.
அதில் இறங்கினால்
சாயப்பட்டறைக்காரன் அன்றைக்கு என்ன நிறமோ
அந்த நிறத்தில் கரையேறலாம்.
ஆகவே செட்டிச்சாவடி.
வெள்ளைக்கல் தோண்டி முடித்துக் கைவிட்ட குழி,
ரெண்டு ஐப்பசி மழை தேங்கி
சோடா பாட்டில் பச்சையில் கிடந்தது.
ஆழம் யாருக்கும் தெரியாது. அதுதான் வேண்டியிருந்தது.

அப்பாவின் லாரியை அதற்கு முந்தின மாதம்
சங்ககிரிப் பிரிவில் நிறுத்தி
பைனான்ஸ்காரர்கள் ஓட்டிப் போயிருந்தார்கள்.
வீட்டில் மிஞ்சியது
ஆணியில் ஒரு சாவி,
ரெண்டு டியூப்,
பின்கதவுப் பலகை ஒன்று: ஒலி எழுப்பு.

பஞ்சர் கடை ஜமால் காசு வாங்காமல் காற்றடித்தான்.
புடவைக் கிழிசலால் கட்டினோம்.
தெப்பம் மிதந்தது,
அதாவது பெரும்பாலும் மிதந்தது.

நடுக்குழியில் துடுப்பை நிறுத்தினோம்.
சுற்றிலும் வெள்ளைச் சுவர்.
அதற்கு மேலே சேர்வராயன் மலை,
ஏற்காட்டு பஸ் ஒன்று வளைவுக்கு வளைவு
விளக்கைக் காட்டி ஒளித்து ஏறிக்கொண்டிருந்தது.
எங்கே போகலாம் என்று கேட்டேன்.
குழிக்கு எங்கேயும் போகத் தெரியாது.
மாதம்மாள் பலகையைப் படித்தாள்.
படித்தபடியே செய்தாள்.
அவள் கத்தியது நாலு சுவரிலும் இடித்து
நாற்பது மாதம்மாளாகத் திரும்பி வந்தது.

வாட்ச்மேன் டார்ச்சோடு வந்தான்.
அவன் பின்னாலேயே அப்பா.
தன் டியூபை அடையாளம் கண்டார்.
பலகையையும்.
அடி விழும் என்று நான் தோளைக் குறுக்கினேன்.
"வண்டிக்கு பெர்மிட் இருக்கா?" என்றார்.
வாட்ச்மேன்கூடச் சிரித்துவிட்டான்.
கடன்காரர்கள் வாசலில் நிற்கும்போதும்
இப்படித்தான், எதையாவது சொல்வார்,
அவர்கள் சிரித்து முடிப்பதற்குள்
அம்மா கொல்லைப்புறமாக வேலைக்குப் போய்விடுவாள்.

அரைப் பரீட்சையில் கேட்டார்கள், ஐந்து மதிப்பெண்.
எழுதினேன்:
இவர் அமெரிக்காவில் ஆற்றங்கரையில் பிறந்தார்.
லாரி
(அடித்துவிட்டு) படகு ஓட்டினார்.
கடனில் மூழ்கினார்.
எல்லோரையும் சிரிக்க வைத்தார்.
பெரிய மீசை. ராத்திரியில் தூங்க மாட்டார்.

சிவப்பு மையில் டீச்சர்: "ஆதாரம்?"
ரெண்டு மதிப்பெண்.

இப்போது ஐந்து ரோட்டில் எனக்கு வேலை.
கனரக வாகனக் கடன், வசூல் பிரிவு.
போன வாரம் மதிய இடைவேளையில்
தயிர்ச்சோற்றுக் கையால் போனில் தேடினேன்.
கதையைச் சொன்னால் போதும், ஆளைக் காட்டிவிடுகிறது.
படகு ஓட்டியிருக்கிறார், நிஜமாகவே.
யாரோ கண்டுபிடித்த அச்சு இயந்திரத்தில் பணத்தைப் போட்டு
மொத்தமாய்க் கவிழ்ந்திருக்கிறார்.
வயதான காலத்தில் நாடு நாடாக மேடையேறி
சிரிக்க வைத்தே
கடைசிக் காசு வரை அடைத்திருக்கிறார்.
நாலு பிள்ளைகளில் மூன்றைத் தனக்கு முன்னே அனுப்பியிருக்கிறார்.
அது எனக்குத் தோன்றவே இல்லை.
மீசை உண்டு.

டீச்சர், ஒரு மதிப்பெண்ணாவது கூட்டலாம்.

அப்பா அடைக்கவில்லை.
சிரிக்க வைத்ததோடு சரி.

மேசையில் ஆத்தூர் வண்டி ஒன்றின் ஃபைல்,
மூன்று தவணை பாக்கி, கைப்பற்ற உத்தரவு.
கையெழுத்துப் போடுகிறேன்.
ரெண்டு டியூபையும் ஒரு பலகையையும்
விட்டுவிட்டு எடுக்கவும் என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.