கடைசியாக வீசியவர்

பஹ்ரைனில் ஆறு கிடையாது.
சித்ராவுக்குப் போகும் பழைய பாலத்தடியில் மட்டும்
கடலுக்குத் தான் ஆறென்று நினைப்பு.
ஓதம் ஏறும்போது
தூண்களை இடித்துக்கொண்டு ஓடும்.
வியாழன் ராத்திரி டியூட்டி முடித்து
பதினொன்றே காலுக்கு நான் போய்ச் சேர்வதற்குள்
விளக்குக் கம்பத்துக்கு ஒருவராக நின்றிருப்பார்கள்.

எழுதி வைத்த சட்டம் ஏதுமில்லை.
தண்ணீரில் டார்ச் அடிக்கக் கூடாது.
அடுத்தவர் வாளியை எட்டிப் பார்க்கக் கூடாது,
பார்த்துவிட்டால் எண்ணக் கூடாது.
பக்கத்துக் கம்பு வளைந்தால்
நம் நரம்பைச் சுருட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.
இரண்டு நரம்பு சிக்கினால்
கடைசியாக வீசியவர் அறுக்க வேண்டும்.
இதை எனக்கு மொஸ்லேம் மியாதான் சொன்னார்,
கத்தரிக்கோலை என் பக்கம் நீட்டிவிட்டு
கடலைப் பார்த்தபடி.

என்னை சிஸ்டர் என்கிறார்கள்.
உடுப்பைப் பார்த்தா, உறவாகவா,
நான் கேட்டதில்லை.
நான் நிற்பது நான்காம் கம்பம். மியா ஆறாவது.
பெண்ணொருத்தி என்று
ஐந்தாவதைக் காலியாக விட்டிருந்தார்கள்.
முதலில் கோபம் வந்தது.
பிறகு அகலமாக வீசப் பழகிவிட்டேன்.

போன மாசம் ஒரு பையன் வந்தான்.
நேபாளம். விலைச்சீட்டு கிழிக்காத கம்பு,
ஐந்து தினார் எழுநூறு பில்ஸ்.
ஐந்தாம் கம்பத்தைக் காட்டி
இங்கே ஆள் உண்டா என்று இந்தியில் கேட்டான்.
கேட்டதிலேயே பாதி தேறிவிட்டான்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
தலையசைத்தேன்.
ஏழாம் கம்பத்திலிருந்து அபூ மஹ்தி
தெர்மாஸைத் தூக்கிக் காட்டினார்;
அவன் குனிந்து கும்பிட்டான்,
கம்பு என் தலையில் இடித்தது.

பெயர் கேஷர்.
குளிர்கிடங்கில் பகலெல்லாம்
உறைந்த மீன் பெட்டி அடுக்குகிறானாம்.
ஒன்றாவது துள்ளுவதைப் பார்க்க வேண்டும் என்றான்.

ஒரு மணி இருக்கும்.
ஓதம் திரும்புகிற நேரம்.
சோம்பலாய், குறுக்கே வீசினேன்.
அவன் நரம்பின் மேல் போய் விழுந்தது என் நரம்பு.
எனக்குத் தெரியும்.
மியாவுக்கும் தெரியும், இருமினார்.
புது ஈயம், முந்தாநாள் வாங்கிய முள்.
அறுக்க மனசு வராமல்
ஒரு நொடி, இல்லை, நாலைந்து நொடி,
சிக்கைப் பிரிப்பதுபோல் பாவனை செய்தேன்.
அதற்குள் அவன்
சாரி சிஸ்டர் என்று
தன்னுடையதைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் என் முனை கனத்தது.
விளமீன், ஒரு கிலோவுக்குக் குறையாது.
வாளிக்குள் அது தட்டிய சத்தம்
பாலம் முழுக்கக் கேட்டிருக்கும்.
யாரும் எட்டிப் பார்க்கவில்லை.
அன்றைக்கு மட்டும்
யாராவது பார்த்துத் தொலைத்தால் தேவலை என்றிருந்தது.
எடுத்துக்கோ என்று நீட்டினேன்.
ரூமில் மீன் சமைக்க விடமாட்டார்கள், என்றான்.
துள்ளுவதை மட்டும் குத்தவைத்துப் பார்த்தான்.

அடுத்த வியாழன்
சட்டைப்பையில் ஈயக்குண்டோடு
வார்டில் நடந்தேன்.
ஊசி போடக் குனியும்போதெல்லாம் இடுப்பில் இடித்தது.
பையில் என்ன, தங்கமா, என்றார்
ஒன்பதாம் கட்டில்காரர்.

அவன் வரவில்லை.
ஷிப்டா, கிடங்கு மாற்றமா, ஊருக்கேவா.
மியா இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.
ஐந்தாம் கம்பத்தடியில்
குண்டை வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரமாக அங்கேயே இருக்கிறது.
உப்புப் பூத்துக் கொஞ்சம் வெளுத்துவிட்டது.
புதிதாய் வருகிறவர்கள் குனிந்து பார்க்கிறார்கள்,
யாருடையது என்கிறார்கள்,
தள்ளிப் போய் நிற்கிறார்கள்.
காசு ஒன்றும் பெரிதில்லை, முந்நூறு பில்ஸ்.
நேற்று அபூ மஹ்திக்கு ஈயம் தீர்ந்துபோய்
என்னிடம்தான் கடன் கேட்டார்,
அதைத் தாண்டி வந்து.