பில் எண் 212

செலஸ்டின் சிஸ்டரின் வேகன்-ஆர்
மூன்றாவது முறையாக வந்து நிற்கிறது
பழங்காநத்தத்தில், என் ஷெட் வாசலில்,
பானட் விளிம்பில் ஆவி கசிய.

திட்டவில்லை அவர்.
திட்டினால் ஒரு டீ சொல்லிச் சமாளித்திருப்பேன்.
பின்சீட்டிலிருந்து ஐந்து லிட்டர் கேனை எடுத்து
கவிழ்த்துக் காட்டினார்.
"கிரைம் பிராஞ்சுல பாதி,
ஆண்டாள்புரத்துல மீதி."
பெரியாஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி,
ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

செய்யாதது எதுவுமில்லை.
ஹெட்டை இறக்கினேன். கேஸ்கெட் புதுசு.
முனிச்சாலை லேத்தில்
மயிரிழை கோணல் இல்லாமல் தளம் பிடித்து வந்தேன்.
வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி, இரண்டு ஹோஸ்.
முதல் தடவை திரும்பி வந்தபோது
மூக்கை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி
கடைசிக் காற்றுக் குமிழி வரை வெளியேற்றினேன்.
இரண்டாம் தடவை
டீக்கடை சன்னாசியிடம் சட்டி இரவல் வாங்கி
தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் போட்டேன்.
சொன்ன சூட்டில் சொன்னபடி வாய் திறந்தது.
அந்தச் சட்டியில் அவர் அப்புறம் டீ போடவில்லை.
எனக்கும் கடன் தருவதில்லை.

ரிங்ரோட்டில் கப்பலூர் வரை
எண்பதில் ஓட்டினால்
முள் பாதியிலேயே கிடக்கிறது,
பாயில் படுத்த பிள்ளை மாதிரி.
திரும்பி ஊருக்குள் நுழைந்து
பெரியார் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு டவுன் பஸ்ஸின் பின்புறத்தைப் பார்த்து நின்றால்
ஏறுகிறது,
ஏறுகிறது,
சிவப்பைத் தொட்டுவிட்டு என்னைப் பார்க்கிறது.

"ஃபேன் ஓடுதாண்ணே?" என்றான் ஒச்சு.
"காது கேக்கலையா உனக்கு?"
ஓடியது.
ஓடுகிறதா என்றுதான் அவன் கேட்டான்.
எந்தப் பக்கம் என்று
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பது மணிக்கு அவனையும் அனுப்பிவிட்டு
எஞ்சினை ஓடவிட்டு
பழைய பில்லை எடுத்து வரிவரியாகப் படித்தேன்,
எதற்காவது காசு வாங்கிவிட்டு
மாட்டாமல் விட்டேனா என்று.
எல்லாம் மாட்டியிருந்தது.
மாட்டாமல் ஒரு ஆணிகூட இல்லை.
ஸ்பேனர் எடுக்கக் குனிந்தபோது
பில்லை வைக்க இடமில்லாமல்
ரேடியேட்டர் முகத்தில் வைத்தேன்.
காற்றை உள்ளே இழுக்கிற ஃபேன்
காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும் அல்லவா.

என் முகத்தில் வந்து அடித்தது பில்.

மறுபடி வைத்தேன்.
மறுபடி அடித்தது,
பதினான்காயிரத்து அறுநூறு ரூபாய்,
என் கையெழுத்தோடு.

முதல் நாள் ஃபேன் கனெக்டர் உருகிக் கிடந்தது.
வெட்டி எறிந்துவிட்டு
ஒயரை நேராக முறுக்கி டேப் சுற்றினேன்.
ஒன்று நீலம், ஒன்று கறுப்பு;
கரி பிடித்து இரண்டும் கறுப்பு.
துணியால் ஒரு துடை துடைத்திருக்கலாம்.
சாப்பாட்டு நேரம்.

பதினோரு நாளாக
எஞ்சின் அனலையே வாரி
ரேடியேட்டர் மேல் ஊதிக்கொண்டிருந்தது ஃபேன்,
ஒரு நிமிடமும் சோம்பாமல்.
வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதை அமுக்கிவிடும்.
நின்றால்தான் அதன் ராஜ்ஜியம்.

ஒயரை மாற்ற நான்கு நிமிடம்.

அதைவிட நேரம் பிடித்தது போனைக் கையில் எடுக்க.
பழைய ரிலே போய்விட்டது என்று சொல்லலாம்.
மோட்டாரே கம்பெனிக் கோளாறு என்றும் சொல்லலாம்.
ஒச்சுவிடம் இந்த இரண்டையும்
நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது மணியில் எடுத்தார்.
"சிஸ்டர், தப்பு என்மேலதான், அந்த ஃபேன்..."
பின்னால் ஒரு பெண்ணின் நீண்ட கத்தல்,
தட்டில் கத்திரி விழும் சத்தம்.
"தலை தெரியுது, அப்பறம் பேசுங்க"
என்று வைத்துவிட்டார்.

அரை மணி நேரம் வண்டி நின்ற இடத்திலேயே ஓடியது.
முள் பாதியில்.
ஃபேன் வரும், நிற்கும், வரும்.
வந்தபோது ஒருமுறை
அந்த பில்லை எடுத்து வைத்துவிட்டுக்
கையை எடுத்தேன்.
ஒட்டிக்கொண்டது.
மூலைகூட ஆடவில்லை.

காலை ஏழரைக்கு டூட்டி முடியும்.
மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.